மூட்டைப்பூச்சிக்கு ஆள் கூப்பிடுவதற்கு முன்னும் பின்னும்: முழுமையான வழிகாட்டி

போனில் குரலைக் கேட்டாலே என்ன பூச்சி என்று தெரிந்துவிடும். கரப்பானுக்குக் கூப்பிடுகிறவர்கள் கோபமாகப் பேசுவார்கள், கரையானுக்குக் கூப்பிடுகிறவர்கள் பதற்றமாகப் பேசுவார்கள். மூட்டைப்பூச்சிக்குக் கூப்பிடுகிறவர்கள் மட்டும் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "உங்கள் வண்டியில் கம்பெனி பெயர் எழுதியிருக்குமா, கொஞ்சம் தள்ளி நிறுத்த முடியுமா" என்று கேட்பார்கள்.

இதில் வெட்கப்பட ஒன்றுமே இல்லை. மூட்டைப்பூச்சி அழுக்கைத் தின்பதில்லை, சிந்திய சோற்றைத் தின்பதில்லை, ரத்தம் ஒன்றுதான் அதற்கு ஆகாரம். பெட்டியில் ஏறி வரும், பழைய சோபாவோடு வரும், விருந்தாளியின் பையோடு வரும். பளபளவென்று வைத்திருக்கும் வீட்டிலும் வரும். அழுக்கு வீட்டில் சாமான் குவிந்து கிடப்பதால் ஒளிய இடம் அதிகம், அவ்வளவுதான்.

இந்தப் பூச்சி ஒழிப்புத் தொழிலில் சிறிய அளவில் பல வருடமாக இருக்கிறேன். எனக்குத் தெரிந்தவரை, மருந்து அடிப்பது இந்த வேலையில் சின்னப் பகுதி. எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பது, வீட்டைத் தயார் செய்வது, சரியான நாளில் மறுபடி வருவது, இவற்றில்தான் வெற்றியும் தோல்வியும். அதில் பாதி வேலை வீட்டுக்காரர் கையில் இருக்கிறது.

முதல் படி: அது மூட்டைப்பூச்சிதானா?

கடித்த தடத்தை மட்டும் பார்த்து உறுதியாகச் சொல்ல யாராலும் முடியாது, டாக்டராலும் முடியாது. மூன்று தடிப்பு வரிசையாக இருந்தால் மூட்டைப்பூச்சி என்று ஒரு பேச்சு உண்டு. இருக்கலாம், கொசுவாகவும் இருக்கலாம், சொறி சிரங்காகவும் இருக்கலாம். சிலருக்கு மறுநாளே தடிக்கும், சிலருக்குப் பல நாள் கழித்துத்தான் தடிக்கும், சிலருக்குத் தடமே வராது. ஒரே கட்டிலில் படுக்கிற இரண்டு பேரில் ஒருவர் ராத்திரி முழுக்கச் சொறிந்துகொண்டிருப்பார், இன்னொருவர் "என்னை ஒன்றும் கடிக்கவில்லையே, உனக்கு ஏதோ அலர்ஜி" என்பார். இரண்டு பேரையும்தான் கடித்திருக்கும்.

அதனால் பூச்சியையே தேடுங்கள். ஒரு டார்ச், பழைய ஏடிஎம் கார்டு ஒன்று, ஸ்க்ரூடிரைவர், செல்லோடேப் போதும். விரிப்பை உதறாமல் மெதுவாக எடுங்கள். மெத்தையின் ஓரத்தில் கயிறு மாதிரித் தடித்து ஓடும் தையல் இருக்கிறதே, அதைக் கட்டைவிரலால் புரட்டிக்கொண்டே போங்கள், நான்கு மூலைகளையும் முதலில் பாருங்கள். கம்பெனி லேபிள் துணிக்கு அடியில் பாருங்கள். அப்புறம் மெத்தையை நிமிர்த்தி வைத்துவிட்டுக் கட்டில் சட்டங்கள், பலகை வந்து உட்காரும் இடங்கள், ஸ்க்ரூ துளைகள். கடைசியாகத் தலைமாட்டுப் பலகையின் பின்பக்கம். பல வீடுகளில் மெத்தையைவிட அங்கேதான் கூட்டம் அதிகம், ஆனால் சுவரோடு ஒட்டியிருப்பதால் யாரும் அதைக் கழற்றிப் பார்ப்பதில்லை.

வளர்ந்த பூச்சி 5 மில்லிமீட்டர் வாக்கில் இருக்கும், ஆப்பிள் விதை அளவு. தட்டையாக, பழுப்புச் சிவப்பாக இருக்கும், ரத்தம் குடித்தபின் நீண்டு உப்பிவிடும். குஞ்சு வெளிர் நிறத்தில், கிட்டத்தட்டக் கண்ணாடி மாதிரி, ஒன்றரை மில்லிமீட்டர்தான். முட்டை 1 மில்லிமீட்டர், வெள்ளையாக, ஒட்டிக்கொண்டிருக்கும், ஊதினால் பறக்காது. உரித்துப் போட்ட சட்டைகளும் கிடக்கும். எல்லாவற்றையும்விடச் சுலபமாகக் கண்ணில் படுவது கறுப்புப் புள்ளிகள், ஸ்கெட்ச் பேனா முனையைத் துணியில் வைத்து எடுத்தது மாதிரி ஊறிய புள்ளிகள். அது பூச்சியின் கழிவு, ஜீரணமான ரத்தம். ஈரப் பஞ்சால் தேய்த்தால் துருப்பிடித்த சிவப்பில் கரையும்.

ஒரு கட்டிலைச் சொல்கிறேன். அந்த வீட்டில் அதற்குள் இரண்டு மெத்தை மாற்றியிருந்தார்கள். புது மெத்தையில் ஒரு புள்ளி இல்லை, தையல் சுத்தம். கட்டிலின் பக்கச் சட்டத்தில் ஸ்க்ரூ தலையை மறைக்க ஒரு சின்ன பிளாஸ்டிக் மூடி, சட்டைப் பொத்தான் அளவு. அதை நகத்தால் நெம்பி எடுத்தால், உள்ளே ஸ்க்ரூவைச் சுற்றி ஏழு பூச்சி, ஒன்றின்மேல் ஒன்று செருகியது மாதிரி. குழியின் விளிம்பு முழுக்க முட்டை. அப்படி எட்டு மூடி இருந்தது. மெத்தை மாற்றி என்ன ஆகப் போகிறது?

பிடித்த பூச்சியைச் செல்லோடேப்பில் ஒட்டி வையுங்கள். வருகிற ஆளிடம் அதைக் காட்டுங்கள்.

இரண்டாம் படி: இன்று ராத்திரி செய்யக் கூடாதவை

பூச்சியைப் பார்த்ததும் கை பரபரக்கும். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவது பற்றிப் பழமொழியே இருக்கிறது, அது வெறும் பேச்சில்லை. மண்ணெண்ணெய், பெட்ரோல், ஸ்பிரிட் ஊற்றித் தீப்பிடித்த வீடுகள் நிஜமாகவே உண்டு. எரியக்கூடிய எதையும் கட்டிலில் ஊற்றாதீர்கள்.

அடுத்தது, வேறு அறைக்குப் போய்ப் படுக்காதீர்கள். சொன்னால் யாருக்கும் பிடிக்காது, ஆனால் இது முக்கியம். பூச்சி உங்கள் மூச்சில் வரும் கார்பன் டை ஆக்சைடையும் உடம்புச் சூட்டையும் பிடித்துத்தான் தேடி வருகிறது. நீங்கள் ஹாலுக்குப் போனால் சோபாவிலும் கூடு வைக்கும். ஒரு அறை வேலை இரண்டு அறை வேலையாகிவிடும். நோயைப் பரப்பும் என்று பயப்பட வேண்டாம், மூட்டைப்பூச்சி மனிதருக்கு நோயைக் கடத்துவதாக நிரூபணம் இல்லை. அரிப்பு, தூக்கமின்மை, சொறிந்து புண்ணாவது, இவைதான் தொல்லை.

மெத்தையை அவசரப்பட்டுத் தூக்கிப் போடவும் வேண்டாம். மாடிப்படி வழியாக இழுத்துக்கொண்டு போகும்போது வழியெல்லாம் உதிரும், தெருவில் போட்டால் வேறு யாராவது எடுத்துப் போவார்கள்.

புகை மாதிரி அறை முழுக்கப் பரவும் ஃபாகர் டப்பாக்களை வாங்காதீர்கள். மருந்து காற்றில் மிதந்து மேலே படியும், பூச்சியோ சந்துக்குள் இருக்கும். அமெரிக்காவில் ஓஹியோ மாநிலப் பல்கலைக்கழகம் 2012இல் இதைச் சோதித்துப் பார்த்தது, ஒளிந்திருந்த பூச்சிகளுக்கு அநேகமாக ஒன்றும் ஆகவில்லை.

தானியக் கிடங்குகளில் வைக்கிற அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையை மட்டும் வீட்டுக்குள் கொண்டுவரவே கூடாது. அதிலிருந்து வரும் பாஸ்பீன் வாயு சுவர் இடுக்கு வழியாகப் பக்கத்து வீட்டுக்கும் போகும். தூங்கிக்கொண்டிருந்த குடும்பங்கள் செத்திருக்கின்றன. மூட்டைப்பூச்சிக்கு இந்த மாத்திரை வைக்கிறேன் என்று எந்த ஆள் சொன்னாலும் அப்போதே வெளியே அனுப்பிவிடுங்கள்.

மூன்றாம் படி: கம்பெனியைத் தேர்ந்தெடுப்பது

முதலில் ஒரு விஷயம் புரிய வேண்டும். கரப்பானுக்கும் எறும்புக்கும் ஜெல் வைத்தால் போதும், தின்றுவிட்டுப் போய்ச் சாகும். மூட்டைப்பூச்சிக்குக் கடிக்கிற வாய் கிடையாது, குழல் வாய், ரத்தம் மட்டும் உறிஞ்சும், எந்த ஜெல்லையும் தொடாது. அதன் உடம்பில் மருந்து பட வேண்டும், அல்லது மருந்து படிந்த இடத்தில் அது நடந்து போக வேண்டும், அல்லது சூட்டில் சாக வேண்டும். ஆகவே சுவரோரம் நடந்துகொண்டே தரையில் ஸ்ப்ரே அடித்துவிட்டு 20 நிமிடத்தில் கிளம்புகிற ஆள் உங்கள் வீட்டில் செய்தது கரப்பான் வேலை.

அப்புறம் முட்டை. பெண் பூச்சி தினம் சில முட்டையாக, வாழ்நாளில் 200க்கு மேலும் இடும். அறைச் சூட்டில் 6 முதல் 10 நாளில் பொரியும். பெரும்பாலான ஸ்ப்ரே மருந்துகள் முட்டையைச் சரியாகக் கொல்வதில்லை. பொரிந்த குஞ்சு ஐந்து தடவை சட்டை உரித்துத்தான் பெரிதாகும், ஒவ்வொரு தடவைக்கும் ரத்தம் வேண்டும், சூடான இடத்தில் இதெல்லாம் ஒன்றரை மாதத்துக்குள் முடிந்துவிடும். ஆக, முதல் தடவை தப்பித்த முட்டைகள் பொரிந்தபின், அந்தக் குஞ்சுகள் வளர்ந்து முட்டையிடுவதற்கு முன், இரண்டாவது தடவை வர வேண்டும். 14 நாள் இடைவெளி என்று எல்லோரும் சொல்வது இந்தக் கணக்கில்தான். "ஒரே ஸ்ப்ரே, ஒரே நாள், முடிந்தது" என்கிறவருக்கு இந்தக் கணக்கு தெரியவில்லை, அல்லது உங்களுக்குத் தெரியாது என்று நினைக்கிறார்.

போனில் கேளுங்கள்: வீட்டைப் பார்க்காமலே தொகை சொல்கிறீர்களா, முதலில் வந்து பார்ப்பீர்களா? எத்தனை தடவை வருவீர்கள், எத்தனை நாள் இடைவெளியில்? கட்டிலைக் கழற்றுவது யார், நீங்களா நாங்களா? (கழற்றவே தேவையில்லை என்றால் போனை வைத்துவிடுங்கள்.) மருந்தின் பெயர் என்ன, லேபிளில் வீட்டுக்குள் மூட்டைப்பூச்சிக்கு அடிக்க அனுமதி எழுதியிருக்கிறதா? லைசென்ஸ் இருக்கிறதா? நாங்கள் என்ன தயார் செய்ய வேண்டும் என்று எழுதித் தருவீர்களா? வாரண்டி எத்தனை நாள், எதற்கெல்லாம் செல்லாது? கடைசிக் கேள்விக்குத் தயங்காமல் பதில் சொல்கிறவர் பெரும்பாலும் நேர்மையான ஆள். "நூறு சதவீதம் கேரண்டி" என்று நீங்கள் கேட்பதற்கு முன்பே சொல்பவரிடம் கொஞ்சம் ஜாக்கிரதை.

அடுக்குமாடியில் இருந்தால் பக்கத்து வீடு, மேல் வீடு, கீழ் வீடு பற்றி அவரே கேட்க வேண்டும். பைப் போகும் துளை வழியாகவும் ஸ்விட்ச் போர்டு வழியாகவும் பூச்சி போய் வரும். உங்கள் வீட்டை மட்டும் முடித்துவிட்டு, சுவருக்கு அந்தப்பக்கம் இருப்பதை விட்டுவிட்டால் இரண்டு மாதத்தில் மறுபடி போன் செய்வீர்கள். பக்கத்து வீட்டில் சொல்வது சங்கடம்தான். சொல்லிவிடுங்கள்.

நான்காம் படி: மருந்தா, சூடா?

மருந்தைப் பற்றி ஒரு பழைய கதை. 1940களில் டிடிடி என்ற பூச்சிமருந்து வந்ததும் மூட்டைப்பூச்சிக் கதை முடிந்தது என்று நினைத்தார்கள். 1947இலேயே ஹவாயில் பேர்ல் ஹார்பர் படைவீரர் குடியிருப்பில் டிடிடிக்குச் சாகாத பூச்சி வந்துவிட்டது. இப்போது கடையில் கிடைக்கும் ஸ்ப்ரேக்களில் பெரும்பாலானவை பைரெத்ராய்டு வகை, அதற்கும் பல ஊர்ப் பூச்சிகள் பழகிவிட்டன. நல்ல கம்பெனி ஒரே வகை மருந்தை நம்பியிருக்காது, வேறு விதமாக வேலை செய்யும் மருந்தையும் சேர்க்கும், சந்துகளுக்குள் சிலிகா தூள் போடும். இந்தத் தூள் பூச்சியின் மேல்தோலில் உள்ள மெழுகை உறிஞ்சி அதைக் காய வைத்துக் கொல்வதால் இதற்குப் பழகுவது அதற்குக் கஷ்டம். கொஞ்சமாகப் போட வேண்டும். மாவு கொட்டியது மாதிரிப் போட்டால் பூச்சி சுற்றிப் போய்விடும், நீங்கள் இருமிக்கொண்டிருப்பீர்கள்.

ஸ்டீம் நன்றாக வேலை செய்யும், முட்டையும் சாகும், ஆனால் பொறுமை வேண்டும். முனையை மெத்தைத் தையலில் ஆமை வேகத்தில், ஒரு அடிக்குப் பத்துப் பதினைந்து வினாடி என்று நகர்த்த வேண்டும். காற்று அழுத்தம் அதிகமாக வைத்தால் பூச்சி பறந்து அறையின் அந்தக் கோடியில் விழும். நான் பார்த்தவரை அவசரக்காரர்கள் கையில் ஸ்டீம் மெஷின் வீண்.

ஹீட் ட்ரீட்மென்ட் என்பது அறை முழுவதையும் 50 டிகிரி செல்சியஸுக்கு மேல் ஏற்றிப் பல மணி நேரம் வைத்திருப்பது. ஒழுங்காகச் செய்தால் முட்டை முதல் கிழடு வரை ஒரே நாளில் முடியும். எங்கே சொதப்பும் என்றால், அறையின் காற்று 55 காட்டும், பீரோவுக்கு அடியில் 40 இருக்கும். அதனால் ஒரே தெர்மாமீட்டர் வைக்கிறவரை நம்பாதீர்கள், மெத்தை மடிப்பு, சுவரோரம், அலமாரி உள்ளே என்று பல இடத்தில் சென்சார் இருக்க வேண்டும். மருந்து மாதிரி இது பின்னால் நின்று காவல் காக்காது, மறுநாளே புதுப் பூச்சி வந்தால் அது வாழும். மருந்துடன் ஒப்பிட்டால் செலவும் அதிகம்.

வெயிலில் போடுவதைப் பற்றிப் பலர் கேட்பார்கள். மேல்பக்கம் சுடும்போது பூச்சி அடிப்பக்கம் போய்விடும், அவ்வளவுதான். துணியைக் கறுப்புப் பிளாஸ்டிக் பையில் கட்டி வெயிலில் வைத்தாலும் நடுவில் போதிய சூடு ஏறியதா என்று தெர்மாமீட்டர் வைக்காமல் சொல்ல முடியாது.

ஐந்தாம் படி: வீட்டைத் தயார் செய்வது

இது உங்கள் வேலை. இதில்தான் நிறைய பேர் கைவிடுகிறார்கள்.

துணிகளைப் படுக்கையறையிலேயே பையில் போட்டுக் கட்டுங்கள், கையில் அள்ளிக்கொண்டு வீடு முழுக்க நடக்காதீர்கள். 60 டிகிரி வெந்நீரில் துவைக்கலாம், டிரையர் இருந்தால் அதிகச் சூட்டில் 30 நிமிடம் ஓட்டலாம். துவைக்க முடியாத, ஏற்கெனவே காய்ந்த துணியை நேராக டிரையரில் போட்டாலே போதும், சாகடிப்பது தண்ணீர் இல்லை, சூடு. வெளியே எடுத்ததைப் புதுப் பையில் போட்டுக் கட்டி வையுங்கள், பழைய பையை அப்படியே வெளியே போடுங்கள். இந்தப் பழைய பையைத் திருப்பிப் பயன்படுத்துகிற தவறு அடிக்கடி நடக்கிறது.

சூடு ஆகாத பொம்மை, புத்தகம் போன்றவற்றை மைனஸ் 18 டிகிரி காட்டும் ஃபிரீசரில் முழுதாக நான்கு நாள் வைக்கலாம். ஃபிரிட்ஜின் மேல்தட்டு அந்த அளவு குளிருமா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

வாக்யூம் கிளீனரால் தையல், சந்து எல்லாம் உறிஞ்சுங்கள், முட்டை ஒட்டியிருக்கும் என்பதால் முனையால் தேய்த்துக்கொண்டே. முடித்ததும் பையை எடுத்துக் கட்டி அப்போதே வெளியே போட வேண்டும். கட்டிலைச் சுவரிலிருந்து அரை அடி தள்ளுங்கள். இழுப்பறைகளைக் காலி செய்யுங்கள். எதையும் அடுத்த அறைக்கு மாற்றாதீர்கள்.

மீன் தொட்டி இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள். பைரெத்ராய்டு மீனுக்கு விஷம், தொட்டியை மூடி ஏர் பம்பை நிறுத்த வேண்டும், இல்லையென்றால் எடுத்துப் போக வேண்டும். அதே வகையைச் சேர்ந்த பெர்மெத்ரின் என்ற மருந்து பூனைக்கு ஆகாது. கர்ப்பிணி, கைக்குழந்தை, ஆஸ்துமா உள்ளவர் வீட்டில் இருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள், எத்தனை மணி நேரம் வெளியே இருக்க வேண்டும் என்பது அதைப் பொறுத்து மாறும்.

ஆறாம் படி: அன்றைய நாள்

கூடவே நின்று பாருங்கள், அடிக்க ஆரம்பிக்கும்வரை. கட்டிலைக் கழற்றுகிறாரா, மூட்டுகளைத் திறக்கிறாரா, சோபாவைக் கவிழ்த்து அடித்துணியைத் தூக்கிப் பார்க்கிறாரா, ஸ்விட்ச் போர்டு மூடியைக் கவனிக்கிறாரா (அங்கே ஈர மருந்து கூடாது, தூள்தான்), திரைச்சீலை மடிப்பைப் பார்க்கிறாரா. ஒரு படுக்கையறைக்கு ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை என்றால் ஏன் என்று கேளுங்கள். அடித்த மருந்தின் பெயரை ரசீதில் எழுதச் சொல்லி வாங்குங்கள். மருந்து முழுதாகக் காய்ந்து, ஜன்னல் திறந்து காற்று வந்த பிறகு உள்ளே போகலாம்.

ஏழாம் படி: அதற்குப் பிறகு

அன்று ராத்திரி அதே கட்டிலில் படுங்கள். ஆமாம், அதே கட்டிலில்தான். நீங்கள் அங்கே இருந்தால்தான் மிச்சம் இருக்கிற பூச்சி மருந்தின்மேல் நடந்து வரும். நீங்கள் உறவினர் வீட்டுக்குப் போய்விட்டால் அது சந்துக்குள்ளேயே காத்திருக்கும். சாப்பிடாமல் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கக்கூடிய பூச்சி அது, உங்கள் லீவு முடியும்வரை தாங்கும்.

மருந்து அடித்த ஓரங்களையும் கட்டில் சட்டத்தையும் துடைக்காதீர்கள். தரையின் நடுவைப் பெருக்கலாம். முதல் ஒரு வாரம் பூச்சி அங்கங்கே தென்படும், பகலில்கூடத் தள்ளாடிக்கொண்டு வரும். பதறிப்போய்க் கடை ஸ்ப்ரே வாங்கி அதன்மேல் அடிக்காதீர்கள், சில ஸ்ப்ரேக்கள் பூச்சியை விரட்டிப் புதுச் சந்துக்குள் அனுப்பிவிடும். பார்த்ததை டேப்பில் ஒட்டி, தேதி எழுதி, எந்த இடம் என்று குறித்து வையுங்கள். இரண்டாவது தடவை வரும்போது எனக்கு அந்தக் காகிதத்தைவிடப் பெரிய உதவி கிடையாது.

மெத்தைக்கு ஜிப் வைத்த முழு உறை போடலாம், மூட்டைப்பூச்சிக்கென்றே பல்லுப்பல்லாக இறுக மூடும் ஜிப் உள்ளதாகப் பார்த்து. உள்ளே மாட்டியது வெளியே வராது, புதிதாக வருவது ஒளிய மடிப்பு இருக்காது. ஒரு வருடம் கழற்ற வேண்டாம்.

கட்டில் கால்களுக்கு அடியில் கிண்ணம் வையுங்கள். இதற்கென்று விற்கிற இன்டர்செப்டர் கிண்ணத்தில் வெளிச்சுவர் சொரசொரப்பாகவும் உள்சுவர் வழுவழுப்பாகவும் இருக்கும், ஏறி உள்ளே விழும், திரும்ப ஏற முடியாது. மூட்டைப்பூச்சிக்கு இறக்கையும் இல்லை, குதிக்கவும் வராது, வழுக்கும் சுவர் அதற்கு மலை. கட்டில் சுவரைத் தொடக் கூடாது, போர்வை தரையில் தொங்கக் கூடாது, தொங்கினால் அதுவே ஏணி. கிண்ணத்தில் இரண்டு வட்டப் பள்ளம் இருக்கும், கட்டில் கால் உள்வட்டத்தில் நிற்கும். வெளிவட்டத்தில் பூச்சி விழுந்தால் அறையிலிருந்து வருகிறது, உள்வட்டத்தில் விழுந்தால் கட்டிலிலேயே இன்னும் இருக்கிறது.

இரண்டாவது தடவையை, "இப்போது கடிக்கவில்லையே, வேண்டாம்" என்று ரத்து செய்வார்கள். என் அனுபவத்தில் திரும்ப வருகிற புகார்களில் பெரும்பங்கு இந்த வீடுகளிலிருந்துதான். கருவுற்ற ஒரே ஒரு பெண் பூச்சி மிஞ்சினால் போதும், திரும்ப ஆரம்பித்துவிடும். இரண்டாவது தடவையில் உயிருள்ள பூச்சி கிடைத்தால் மூன்றாவதும் உண்டு, அதை முதல் நாளே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாகப் பூச்சியைப் பார்த்த நாளிலிருந்து கணக்கு வையுங்கள். கிண்ணத்தில் ஒன்றும் விழாமல், புதிதாகக் கறுப்புப் புள்ளி வராமல், கடியும் இல்லாமல் எட்டு வாரம் போனால் முடிந்தது என்று நான் எழுதித் தருவேன், அதற்கு முன் எழுதித் தர மாட்டேன். கிண்ணங்களை அப்போதும் எடுக்க வேண்டாம். வாரம் ஒரு தடவை, பெருக்கும்போது, குனிந்து டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு அப்படியே வைத்துவிடுங்கள்.